மூன்று கப்பல்களில் ஒரே கடிதம்

கடிதத்தை விரித்தால் மணல் உதிரும்...

மிக மெல்லிய, மினுங்கும் மணல். மை காய்வதற்காக அந்தக் காலத்தில் எழுதி முடித்ததும் தூவியது. இருநூறு வருடங்களாக மடிப்புக்குள்ளேயே கிடந்துவிட்டு, கொலோனுக்குப் பக்கத்துச் சிறிய ஊர் ஒன்றின் ஆவணக் காப்பகத்தில், என் மேசைமேல் வந்து விழும். தூரிகையால் கூட்டி ஒரு கிண்ணத்தில் சேர்ப்பேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. அகதிக் கோரிக்கை முடிவாகும்வரை சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஊருக்குப் பொதுவான வேலை ஏதாவது தருவார்கள். எங்கள் ஹைமில், அதாவது அகதி விடுதியில், இருந்த பலர் பூங்காவில் இலை கூட்டினார்கள். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் காப்பகத்துக்கு அனுப்பினார்கள்.

அந்த ஊர் வணிகக் குடும்பம் ஒன்றின் காகிதங்கள் அவை. தம்பி இங்கே, அண்ணன் பிலடெல்பியாவில். அமெரிக்கா இன்னும் பிரித்தானிய முடியின் கீழ் இருந்த காலம். இங்கிருந்து லினன் துணியும் கத்தரிக்கோலும் போயின. அங்கிருந்து கடிதங்கள் வந்தன. அண்ணனின் வியாபாரக் கூட்டாளி ஓர் ஆங்கிலேயர். அவர் எழுதியவற்றைத் தேதிப்படி அடுக்குவது என் வேலை.

தொடக்கத்தில் குழம்பிப் போனேன். ஒரே கடிதம் இரண்டு தடவை, மூன்று தடவை வந்தது. அதே சரக்கு, அதே விலை, அதே நலவிசாரிப்பு...

காப்பகப் பொறுப்பாளர் திருமதி லென்ஸிடம் கேட்டேன். கப்பல் மூழ்கலாம், கொள்ளையர் பிடிக்கலாம், அதனால் ஒரே கடிதத்தை வேறு வேறு கப்பல்களில் அனுப்புவார்கள் என்றார். இங்கே இடம் போதாது, தெளிவான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கிவிடு என்றும் சொன்னார்.

ஆனால் பிரதிகள் முழுக்க ஒன்றாக இருக்கவில்லை. பிந்திய பிரதியின் அடியில் சில நேரம் ஒரு வரி கூடியிருக்கும். மேலே உள்ளதை எழுதிய பிறகு மனைவிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. மேலே உள்ளதை எழுதிய பிறகு ஆறு உறைந்துவிட்டது. அந்த ஒரு வரிக்காக எல்லாவற்றையும் கடைசிவரை வாசிப்பேன்.

அப்போது என் தம்பி நந்தன், என்னிடம் வருவதற்காகக் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தான். காசு வாங்கி ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட் அவனை அனுப்ப இருந்த பாதையால் அதற்கு முன் வெளிக்கிட்ட பெடியன்கள் இடைவழியில் பிடிபட்டார்கள். கொழும்புக்கே திருப்பி அனுப்பப்பட்டு, இறங்கிய இடத்திலேயே கைதானார்கள். ஹைமில் எல்லோருக்கும் இது தெரியும். நந்தனுக்குத் தெரியாது.

அவனை நிறுத்த வேண்டும். தந்தியில் நாலு சொல் அடித்தால் அவன் கேட்க மாட்டான், காரணம் சொன்னால்தான் நிற்பான். காரணத்தைப் பலர் கண்ணில் படும் தந்தியில் சொல்ல முடியாது. லொட்ஜ் போனிலும் முடியாது, மனேஜர் பக்கத்திலேயே நிற்பார். மிஞ்சியது கடிதம். அதற்கு முன் நான் போட்ட கடிதங்களோ போய்ச் சேரவில்லை.

அன்று பின்னேரம் ஹைம் சமையலறையில் இருந்து ஒரே கடிதத்தை மூன்று தடவை எழுதினேன். காப்பகத்தில் நகல் இயந்திரம் இருந்தது. ஆனால் சொந்தக் கடிதத்தை அதில் வைக்கக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பக்கத்து அறைப் புஷ்பா அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, ஒரே காயிதத்தைத் திருப்பித் திருப்பி எழுதுறீர்... இம்பொசிசனோ?"

"வேற வேற ஆக்களிட்டைக் குடுத்து விடப்போறன் அக்கா. ஒண்டெண்டாலும் போய்ச் சேரும்."

"ஆர் சொல்லித் தந்தது?"

"அமெரிக்காவில ஒரு யாவாரி."

"ஆள் கலியாணம் கட்டிட்டாரோ?"

"ஓம் அக்கா. செத்தும் இருநூறு வருசமாச்சு."

"அப்ப ஏலாது" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனார்.

ஒன்றைத் தபாலில் போட்டேன். ஒன்றைப் புஷ்பா அக்காவின் லண்டன் மச்சாளுக்கு அனுப்பினேன், அங்கிருந்து கொழும்பு போகும் யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லி. மூன்றாவதை, கொழும்புக்குப் பக்கத்து நீர்கொழும்புக்குப் புறப்பட்ட கன்னியாஸ்திரி ஒருவர் தன் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். அதன் அடியில் மட்டும் ஒரு வரி கூட்டியிருந்தேன். மேலே உள்ளதை எழுதிய பிறகு இங்கே குளிர் கூடிவிட்டது. கம்பளிச் சட்டைக்குக் காசு செலவழிக்காதே, உனக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

பிறகு காத்திருப்பு...

காப்பகத்தில் மணல் உதிர்ந்துகொண்டே இருந்தது. ஒரு கடிதத்தின் மூன்று பிரதிகளும் ஒன்றாகக் கிடைத்தால், மூன்று கப்பல்களும் கரை சேர்ந்திருக்கின்றன. ஒன்றுதான் கிடைத்தால் மற்றவை எங்கேயோ... அந்த நாட்களில் தனியாகக் கிடந்த கடிதங்களை எடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கும்.

கடைசியில் நந்தனிடமிருந்து பதில் வந்தது. 'சிஸ்டர் வந்தவ. நான் போகேல்லை.' அவ்வளவுதான்.

அவன் வேறு பாதையால் வந்து சேர மாதங்கள் ஆயின. சிஸ்டர் கொடுத்த கடிதத்தைப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். அவன் வந்த பிறகு ஒரு நாள், சமையலறையில் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஹைமுக்கு ஒரு தபால் வந்தது. நான் முதலில் தபாலில் போட்ட அதே கடிதம். லொட்ஜ் மனேஜர் புது விலாசம் எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். நந்தன் இடது கையால் பிரித்து முழுவதும் வாசித்தான்.

"அக்கா, என்னை வெளிக்கிட வேண்டாமாம்."

"அப்ப திரும்பிப் போம் தம்பி, சாப்பிட்டிட்டு" என்றார் புஷ்பா அக்கா.

லண்டன் வழியாகப் போனது இன்றுவரை வரவில்லை. காப்பகத்தில் ஒதுக்கி வைத்த பிரதிகள் பிறகு என்னவாயின என்பதும் எனக்குத் தெரியாது.

இப்போது நந்தன் பக்கத்து நகரத்தில் இருக்கிறான். செய்தி அனுப்பினால் போனைக் கீழே வைப்பதற்குள் இரண்டு நீல டிக், ஒரு கட்டைவிரல். வசதிதான். எதையும் இரண்டாம் தடவை எழுத வேண்டியதில்லை. அதனால் அடியில் எதுவும் கூடுவதுமில்லை.

போன கோடையில் நான் வீடு மாறியபோது பெட்டி அடுக்க வந்த நந்தன் அந்த இரண்டு கடிதங்களையும் கண்டெடுத்தான்.

"ரெண்டும் ஒண்டுதானே அக்கா... ஒண்டை எறியுங்கோவன்."

"ஒண்டில கம்பளிச் சட்டை இருக்கு" என்றேன்.

நின்றபடியே இரண்டையும் அடிவரை வாசித்தான். பிறகு இரண்டையும் ஒன்றாக மடித்துப் பெட்டிக்குள் வைத்தான்.