பாவப் பட்டியல்

பேத்தி பார்க்கும் கார்ட்டூனின் இந்த சீசன் நேற்று முடிந்தது. உலகைக் காக்கும் ஐந்து பேரில் ஒருவனே எதிரிக்குத் துப்புக் கொடுத்திருக்கிறான். வாயில் வைத்த முறுக்கை அவள் கடிக்கவே இல்லை.

"தாத்தா, கூட இருந்தவனே காட்டிக் குடுத்துட்டான்."

எனக்கும் திக்கென்றது. அறுபது வருடத்துக்கு முன்பு கடலோர ஊரான முட்டத்தில் நாங்களும் ஐந்து பையன்கள். மாதா கோயிலில் பூசைக்கு வைத்திருந்த, சாமியார் இன்னும் மந்திரிக்காத கோதுமை அப்பத்தை டப்பாவோடு தூக்கிப்போய்ப் பாறை மறைவில் தின்றோம். மாவு மணத்தோடு அது அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வெளியே சொல்வதில்லை என்று சத்தியம்.

சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் முதல் பாவசங்கீர்த்தனம் வந்தது. பாவங்களை மறக்காமல் இருக்க எழுதிக்கொண்டு வரச் சொன்னார் வேதப் பாடம் நடத்தும் உபதேசியார். மற்றவர்கள் "பொய் சொன்னேன்" என்று எழுதினார்கள். பின்னாளில் அரசு ஊழியன் ஆன புத்தி எனக்கு அப்போதே. வரிசை எண், இடம், நேரம், உடனிருந்தோர் பெயர் எல்லாம் எழுதினேன். சாமியாரிடம் வாசித்துவிட்டு, தாளை முழங்காலிடும் பலகையிலேயே மறந்து விட்டுவிட்டேன்.

அது உபதேசியார் கையில் கிடைத்தது. நால்வருக்கும் வீட்டில் புளியங்கம்பு. ஒப்புக்கொண்டவன் என்பதால் எனக்கு மட்டும் அடி இல்லை. முதுகுத் தடிப்போடு வந்து சூசை கேட்டான்:

"ஏலே, உன் பாவத்த மட்டும் எழுதுனா போதாதாலே?"

பிறகு அவர்கள் நான்கு பேராகவே திரிந்தார்கள்.

"அடுத்த சீசன்ல அவனச் சேப்பாங்களா தாத்தா?" என்றாள் பேத்தி.

"என்னச் சேக்கல்ல மக்கா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் டிவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள், முறுக்கு அப்படியே வாயில் இருக்க.