அண்டா எங்கிருந்து உருண்டு வந்தது

பள்ளிப் படிப்பு முடிந்து வீட்டிலிருந்த நாங்கள் நான்கு தோழிகள் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். மாதத்துக்கு ஒரே பிரதி. கோடு போட்ட நோட்டில் எழுதி, அட்டைக்குப் படம் வரைந்து, வீடு வீடாகக் கைமாற்றுவோம். ஒருத்திக்குத் தொடர்கதை, ஒருத்திக்குக் கோலம், ஒருத்திக்குச் சமையல். எனக்குப் புதுப் பாட்டு விமர்சனம்.

சினிமாப் பாட்டைப் பற்றிப் பேச ஊரில் ஆயிரம் பேர் இருந்தார்கள். நான் எடுத்துக்கொண்டது, சந்தை நாளில் செஞ்சிக் கடைத்தெருவுக்கு வந்து, தாங்களே கட்டிய பாட்டைத் தாங்களே பாடி, நாலு பக்கப் புத்தகமாக அச்சடித்து விற்றவர்களை. அறுபதுகளின் நடுவில் அப்படி ஏழெட்டுப் பேர் வருவார்கள். எங்கள் அப்பாவின் பாத்திரக்கடை மாடி ஜன்னலில் உட்கார்ந்தால் எல்லாம் கேட்கும். கேட்டதை உள்ளபடி எழுதுவேன். "குரல் சுகம், விஷயம் பழசு" என்று ஒருவருக்கு. "ரயில் கவிழ்ந்ததைப் பாடும்போது இவ்வளவு உற்சாகம் கூடாது" என்று இன்னொருவருக்கு.

அவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவள் சிங்கவரத்துக்காரி. பகலில் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. மனசிலேயே பாட்டுக் கட்டுவாள். அவள் ஊருக்குக் கரண்ட் வந்த வருஷம் ஒரு பாட்டோடு வந்தாள்.

"கூப்பிட்டா வரமாட்டா, நில்லுன்னா நிக்கமாட்டா,
கம்பியில நடந்து வந்த கரண்டு மருமவ."

மாமியார் கிணற்றடியில் மருமகளுக்காகக் காத்துக் கிடக்கிறாள். அவள் வந்தால் மோட்டார் ஓடும். கோபித்துக்கொண்டு போனால் பயிர் காயும். கடைத்தெருப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் ஒரே சந்தோஷம். ஆனால் கடைசிச் சரணத்தில் மாமியார் திடீரென்று எங்கள் கடையில் அண்டாவும் குண்டாவும் வாங்கினாள். கடை வாசலில் நின்று பாடியதால் மரியாதைக்குச் சேர்த்திருப்பாள் என்று நினைத்தேன். நோட்டில் எழுதினேன்: "மூன்று சரணம் முத்து. மருமகள் கதை நடக்கும்போது அண்டா எங்கிருந்து உருண்டு வந்தது?"

தோழிகளில் ஒருத்தி சிங்கவரத்தில் அவளுக்குப் பக்கத்து வீடு. நோட்டு அங்கே போனதும் அவளிடமே வாசித்துக் காட்டிவிட்டாள்.

அடுத்த சந்தையன்று சிங்கவரத்துக்காரி நேராகக் கடைக்குள் வந்தாள். நான் நைனாவுக்கு மோர் கொண்டுவந்திருந்தேன்.

"அண்டாவப் பத்தி எழுதின பாப்பா நீதானா?"

"ஆமாக்கா."

"எனக்கும் அது புடிக்கல. உங்க நைனாவக் கேளு."

நான் திரும்பிப் பார்த்தேன். நைனா தராசைத் துடைக்க ஆரம்பித்தார். புத்தகம் அச்சடித்துக் கொடுத்ததே அவர்தானாம். பதிலுக்குக் கடைக்கு ஒரு சரணம்.

"இன்னா நைனா இது?"

"நாலு பேருக்குக் கடை தெரியட்டுமேன்னுதான்" என்றார்.

அவள் விடவில்லை. "மொதலாளி, ரெண்டு விதமாவும் பாடுறேன். இங்க இருக்கிறவங்களே சொல்லட்டும்."

குடம் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். முதலில் அண்டாவோடு பாடினாள். கடைசியில் எல்லோரும் மறுபடி குடத்தைத் தட்டப் போய்விட்டார்கள். பிறகு அண்டா இல்லாமல். மருமகள் திரும்பி வருகிறாள், வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, மாமியார் கம்பத்துக்குக் குங்குமம் வைக்கிறாள். அங்கேயே நிறுத்தினாள். இன்னும் கரண்ட் வராத தொண்டூரிலிருந்து வந்த ஒரு கிழவி, "எங்கூட்டுக்கும் அவ வந்தா தேவல" என்றாள். கடை முழுக்கச் சிரிப்பு. நைனாவும் சேர்ந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர.

"சரி, சரணத்த எடுத்துடு. கடை பேரப் பின்னட்டையில போட்டுக்கலாம்."

போகும்போது அவள் என்னிடம் சொன்னாள்: "நீ எழுதுறது நல்லாத்தான் இருக்குது பாப்பா. ஆனா நீட்டி முழக்குற. அந்தப் புள்ள படிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுப்புல உல பொங்கி வழிஞ்சிடுச்சி."

இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தால், அவள் சொன்னது நிஜம். ஒரு கும்மிப் பாட்டுக்கு ஆறு பக்கம் எழுதியிருந்தேன்.

விஷயம் பரவி, மற்றப் பாட்டுக்காரர்களும் மாடியைப் பார்த்துப் பாட ஆரம்பித்தார்கள். ரயில் கவிழ்ந்த பாட்டுக்காரர் ஒருநாள் கீழிருந்தே கேட்டார்: "இப்ப சோகமா இருக்குதாம்மா?"

"இருக்குதுங்க" என்றேன். நிஜமாகவே இருந்தது.