அம்மா பொறுக்கிய மஞ்சள்

பெரியம்மாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று, ஆனாலும் இல்லை.

அப்பா பட்டாளத்தில் இருந்தார். எண்பத்தேழில் அவருடைய படையைக் கடல் தாண்டி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மட்டாஞ்சேரியில் ஒரே முற்றத்தில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும். அம்மா ஜூ டவுனில் ஒரு பாண்டிகசாலைக்குப் போய், அந்தச் சரக்குக் கிடங்கில் உட்கார்ந்து சுக்கும் மஞ்சளும் பொறுக்கித் தரம் பிரித்தாள். சாயங்காலம் திரும்பும்போது புடவையெல்லாம் சுக்கு நெடி வீசும். ரேடியோவில் செய்தி தொடங்கினால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பாள். மறுபடி பற்றவைக்க மறந்துபோய், நாங்கள் பசியோடு படுத்த நாளும் உண்டு.

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் வழக்கத்தில் கல்யாண வேலை மஞ்சள் இடிப்பதில் தொடங்கும். சுமங்கலிகள் கூடி உரலுக்குப் பொட்டு வைத்து, ஆளுக்கொரு கை உலக்கை பிடிப்பார்கள். அதற்கான விரலி மஞ்சளை அம்மாதான் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கி வந்திருந்தாள்.

அன்று காலை அவள் கூறைப்புடவை கட்டிக்கொண்டு போனாள். பெரியம்மா வாசலிலேயே நிறுத்தினாள். அப்பாவிடமிருந்து மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

"நாளைக்கு ஒரு கம்பி வந்துட்டா என்ன செய்யறது? எம்பொண்ணு தாலி விஷயமாக்கும். நீ அடுக்களையப் பாத்துக்கோ."

தந்தி வருவதற்கு முன்பே என் அப்பாவைக் கொன்றுவிட்டாள், அதையும் சிரித்த முகத்தோடு.

அம்மா அடுக்களைக்குப் போய், தேங்காய் துருவிக்கொண்டிருந்த அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தை, அப்பாவின் அக்கா. துறைமுகத்து வேலைக்குப் போன மாமா அங்கேயே விபத்தில் செத்துப்போனதிலிருந்து, வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் அவளுக்கு இடம் அடுக்களைதான். வெளியே உலக்கைச் சத்தம் கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எங்கம்மாவ எதுக்கு இங்க உக்கார வெச்சிருக்கு? அம்மா என்ன அத்தை மாதிரியா?" என்று கத்தினேன்.

அம்மா என் வாயிலேயே ஓர் அடி போட்டாள். அத்தை துருவலை விட்டுத் தலை நிமிரவில்லை. பெரியம்மாவை விட்டுவிட்டு என்னை அடிக்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் இரண்டு மடங்கானது.

அடுத்த வருஷம் அப்பா திரும்பி வந்தார். ஒரு காது மந்தமாகியிருந்தது, மற்றபடி முழுசாக இருந்தார். அந்த வாரத்திலேயே பெரியப்பா மகளுக்கு வளைகாப்பு. பெரியம்மா குங்குமச் சிமிழோடு தேடி வந்தாள். முதல் வளையலை அம்மாதான் போடவேண்டுமாம். வெட்கமே இல்லாமல் கேட்டாள். எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

"அண்ணியும் வரட்டும் அக்கா. நாங்க ரெண்டு பேரும் சேந்து போடறோம்" என்றாள் அம்மா, அத்தையைச் சொல்லி.

பெரியம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. நல்ல நாளும் அதுவுமாக இது என்ன பேச்சு என்றாள். அம்மா அத்தை இருந்த அடுக்களைக்குள் போய்விட்டாள். முதல் வளையலை யாரோ ஒரு தூரத்து உறவுக்காரி போட்டாள்.

அன்று முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை. அப்பாதான் திரும்பி வந்துவிட்டாரே, இனி யாருக்காக இந்த வீம்பு என்று எனக்குப் புரியவேயில்லை.