ஓர்லின் நடந்த கதை

அமெரிக்காவின் வட டகோட்டாவில் பனிப்புயல் என்று பள்ளிக்கு விடுமுறை விட்டால், அன்று காலை டெல்மரின் காபிக் கடையில் ஒரு கதை ஓடியே தீரும். ஓர்லின் ஹேகன் சின்னப் பையனாக இருந்தபோது, கண் தெரியாத பனியில் தங்கையை இழுத்துக்கொண்டு பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடந்த கதை. “கால்விரல் போச்சு, ஆனா ஒரு நாள் லீவு போட்டானா?” என்று டெல்மர் முடிப்பான். மூலையில் இருக்கும் ஓர்லின், “மூணு விரல் போனதுல ஷூவுக்குள்ள நல்லா எடம் கெடச்சுது” என்பான். கடையே சிரிக்கும்.

அந்தத் தங்கைதான் ஆர்டிஸ். கணவன் இறந்த பிறகு மகனோடு சேர்ந்து பண்ணையை நடத்துகிறவள். பள்ளியை நடத்த ஊரார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியத்தில் உறுப்பினர். இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரிக்கிறவர்கள் மேல் பாதிக் கோபம்; சிரிக்க வைக்கும் அண்ணன் மேல் மீதி.

அவர்களுடைய அப்பா ஈவர் பிள்ளையாக இருந்த காலத்தில், அறுவடை முடிந்த பிறகுதான் பையன்கள் பள்ளிப் பக்கமே போவார்கள். குளிர்காலம்தான் படிப்புக்காலம்; அதில் விடுமுறை என்ற பேச்சே கிடையாது. ஆர்டிஸ் படித்தது கோதுமை வயல்களுக்கு நடுவே இருந்த ஒற்றை அறைப் பள்ளியில். ஓர் அடுப்பு, ஒரு டீச்சர். அவள் மகன் காலத்தில் அந்தப் பள்ளிகளையெல்லாம் பூட்டிவிட்டு, பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி டவுனுக்கு அனுப்பினார்கள்; புயல் நாளில் பிள்ளைகள், விடிகாலை ரேடியோவின் விடுமுறைப் பட்டியலில் தங்கள் பள்ளியின் பெயர் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இப்போது போனில் செய்தி வந்துவிடுகிறது.

போன குளிர்காலத்தில் அந்தச் செய்தி அடிக்கடி வந்தது. பள்ளி நிர்வாகி ஜோயல் ஊருக்குப் புதியவன். ரோட்டைப் பார்த்து பயந்தால் மூடிவிடுவான். டெல்மருக்குப் பொறுக்கவில்லை. இனிமேல் வாரியத்தைக் கேட்காமல் மூடக் கூடாது, மீறினால் ஜோயலின் வேலையை மறுபடி யோசிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானத்தோடு ஆட்களைத் திரட்டிக்கொண்டு வாரியக் கூட்டத்துக்கு வந்தான்.

“நாங்க நடந்தோம்,” என்றான் டெல்மர். “இவங்களுக்கு ஹீட்டர் போட்ட பஸ்ல உக்காந்து வரவே வலிக்குது. ஓர்லினப் பாருங்க.”

கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த ஓர்லின் பூட்ஸ் காலைத் தூக்கி ஆட்டிக் காட்டினான். அதைப் பார்த்ததும் ஆர்டிஸ் எழுந்துவிட்டாள்.

“நீங்க கேட்டது பாதிக் கதைதான்,” என்றாள். “மீதிய நான் சொல்றேன்.”

சொன்னாள். அந்த ஆண்டுக் குளிர் தொடங்கியபோதே டீச்சர் ஒருநாள் வானத்தைப் பார்த்து பயந்து பிள்ளைகளைப் பள்ளியிலேயே நிறுத்திவைத்தாள். புயல் வரவில்லை. பால் கறக்க ஆளில்லாமல் போனதென்று ஈவர் பள்ளியை நடத்திய பெரியவர்களிடம் போய்க் கத்தினார். டீச்சரின் வேலை தப்பியதே பெரிய காரியம். அடுத்த முறை நிஜமாகவே காற்று சீறிக்கொண்டு வந்தபோது, டீச்சர் மற்ற எல்லாப் பிள்ளைகளையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். ஹேகன் வீட்டுப் பிள்ளைகளை மட்டும் போகச் சொன்னாள். உள்ளே இருந்தவர்கள் சூப் குடித்து, பெஞ்சில் தூங்கி, மறுநாள் முழுசாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். வெளியே, வேலிக் கம்பியைத் தடவிக்கொண்டே நடந்த ஓர்லின், தங்கையின் பூட்ஸ் பனியில் புதைந்து போனதும் தன்னுடையதைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டான்.

“அன்னிக்கு ராத்திரி பனியில செத்த வெரல் வலியில அவன் கத்தின கத்தல் தாங்காம எங்கப்பா கொட்டகையில போய் உக்காந்துக்கிட்டாரு. அத யாராவது காபிக் கடையில சொன்னீங்களா?” அவள் டெல்மர் பக்கம் திரும்பினாள். “டீச்சர் எங்கள வெளிய விட்டது எங்கப்பாவுக்குப் பயந்து. இப்ப ஜோயலையும் அப்படித்தான் பயமுறுத்தப் பாக்குறீங்க. இந்தத் தடவ பனியில மாட்டப்போறது ரெண்டு பிள்ளைங்க இல்ல, ஒரு பஸ் நெறைய.”

டெல்மர் திரும்பி, “அப்படியா ஓர்லின்?” என்று மெல்லக் கேட்டான். ஓர்லின் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

தீர்மானம் மயிரிழையில் தோற்றது. நன்றி சொல்ல வந்த ஜோயலையும் ஆர்டிஸ் விடவில்லை. பள்ளியை மூடிவிட்டுக் கம்ப்யூட்டரில் பாடம் நடத்துகிறாயே, பாதிப் பண்ணைகளில் சிக்னலே கிடையாதே, அந்தப் பிள்ளைகள் எதை வைத்துப் படிக்கும், முதலில் அதற்கு வழி பார் என்று காய்ச்சி அனுப்பினாள்.

ஓர்லின் அவளோடு பேசவில்லை. பனி இளகத் தொடங்கிய ஒரு மத்தியானம் அவனுடைய பிக்கப் வண்டி அவள் வாசலில் வந்து நின்றது. அவன் வீட்டுக்குள் வரவில்லை.

“அப்பாவ ஊர் முன்னால குத்தவாளியா நிக்க வெச்சுட்ட.”

“நிக்க வேண்டிய ஆளுதானே.”

“செத்துப்போன மனுஷன், ஆர்டிஸ்.”

“வெரல் போனது உனக்கு. அவரக் காப்பாத்தத்தான் இத்தன வருஷமா நீ இளிச்சுக்கிட்டு இருக்க. பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு.”

“சிரிக்காம வேற என்னதான் செய்யச் சொல்ற?” என்றான்.

அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. பதில் வேண்டித்தான் கேட்டான். அவள் காபி போடட்டுமா என்றாள். மாடுகளுக்குத் தீனி வைக்க வேண்டும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டான்.

கோடையில் வாரியத் தேர்தல் வந்தது. டெல்மர் தன் மைத்துனனை அவளுக்கு எதிராக நிறுத்தினான். கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் அவள் தப்பினாள். பல வருடங்களுக்குப் பிறகு ஓர்லின் ஓட்டுப் போடப் போனான் என்று அவன் மனைவி மார்லிஸ் மளிகைக் கடையில் சொன்னாள். யாருக்குப் போட்டான் என்று ஆர்டிஸ் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் ஓர்லின் இருக்கும்போது கடையில் யாரும் அந்தக் கதையை எடுப்பதில்லையாம். அவன் எழுந்து போன பிறகுதான் பேச்சாம். அதைக் கேட்டும் ஆர்டிஸுக்கு மனம் ஆறவில்லை. அதே ஆட்களோடு இன்னும் அதே மேசையில் போய் உட்காருகிறானே என்று ஆத்திரமாக வருகிறது.