குரல் நின்றால் கிரேன் நின்றுவிடும்

“லோவர்… லோவர்… லோவர்… ஸ்லோ… ஸ்லோ… டச். ஸ்டாப்.”

என் பேரன் தொட்டிலில் இறங்கிவிட்டான். இறக்கியவள் என் மருமகள். பிள்ளையைத் தூங்கவைக்கும்போது மற்ற வீடுகளில் வாயை மூடிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அப்போதுதான் ஆங்கிலம் ஆரம்பமாகும். பயலும் லேசுப்பட்டவன் இல்லை. அவள் நடுவில் பேச்சை நிறுத்தினால் பட்டென்று கண்ணைத் திறக்கிறான். பல்கூட முளைக்காதவனுக்கு அதற்குள் தொழில் தெரிந்துவிட்டது என்று நான் எதிரே வருகிறவர்களையெல்லாம் நிறுத்திவைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மருமகள் கட்டட வேலைக்காரி. இவன் வயிற்றில் வரும்வரை கம்பி கட்டிக்கொண்டிருந்தாள். இப்போது அவளுடைய கண்ணெல்லாம் ரேடியோ மேல். கிரேன் ஓட்டுகிறவர் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார். சுவருக்குப் பின்னாலோ குழிக்குள்ளோ சரக்கு இறங்கினால் அவருக்கு எதுவும் தெரியாது. கீழே ஒருவர் நின்று ரேடியோவில் சொல்லச் சொல்ல, அந்தக் குரலை நம்பித்தான் இறக்குவார். அவர் வேறு தேசத்துக்காரர். ஆங்கிலம் அவருக்கும் இரவல், நமக்கும் இரவல். இதில் முக்கியமான சட்டம் ஒன்று உண்டு. பேச்சு அறுபடக் கூடாது. குரல் நின்றால் கீழே என்னமோ ஆகிவிட்டது என்று அவர் கிரேனை நிறுத்திவிடுவார்.

அந்த வேலைக்கு வைத்த முதல் சோதனையில் அங்கேதான் மாட்டிக்கொண்டாள். பாதியில் ஒரு சொல் வரவில்லை. வாயடைத்து நின்றுவிட்டாள். செங்கல் கட்டு அந்தரத்தில் தொங்க, வேலையிடம் மொத்தமும் அவளை வேடிக்கை பார்த்தது. “இன்னொரு தடவ பாப்போம். அதுலயும் ஊமையாயிட்டா பழையபடி கம்பி கட்டப் போயிடு,” என்றுவிட்டார் சூப்பர்வைசர்.

“குனிஞ்சு கம்பி கட்ட இனிமே இடுப்பு கேக்காது மாமா,” என்றாள் என்னிடம். “வாயாலதான் பொழைக்கணும்.”

“அது உனக்கு என்ன கஷ்டமா?” என்றாள் என் மனைவி. மாமியார் அல்லவா.

அன்றிலிருந்து வீடு அமர்க்களம்தான். செல்போனில் ஒரு பெண்குரல் சொற்களைச் சொல்லிக்கொடுக்கும். இவள் அதோடு மல்லுக்கு நிற்பாள். “எங்கடி இவ்ளோ அவசரமா ஓடுற? வாயத் தொறந்து நல்லா சொல்லு.” கண்ணாடி முன்னால் நின்று, உதட்டுக்கு நேராக ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ‘பைப்’ என்பாள். காகிதம் படபடக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் ‘பைப்’. “காத்து இல்லாத சொல்லு மேல போய்ச் சேராது மாமா.” நானும் ஊதிப் பார்த்தேன். எச்சில்தான் தெறித்தது. பேரன் பொக்கை வாயால் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறேன்.

அவளுடைய பெரிய விரோதி நம் நாக்கு ஒட்டவைக்கிற வால். ஹூக் நம் வாயில் ஹூக்கு, ஸ்டாப் நம் வாயில் ஸ்டாப்பு. “வால நறுக்குங்க,” என்பாள். வீட்டில் யாரும் லைட்டு, கப்பு என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

“பக்கெட்டு ஒழுகுது,” என்றாள் மனைவி ஒருநாள்.

“பக்கெட், அத்தை.”

“வால வெட்டிட்டா ஒழுகாதா?”

ஒரு சொல்லை வைத்துச் சண்டை போட்டால்தான் அது தனக்குச் சொந்தமாகும் என்பது மருமகளின் கட்சி. அதற்கு என் மகன் கிடைத்தான். அவன் துணிக்கொடியைத் தொய்வாகக் கட்டிவிட்டான் என்று விரலை நீட்டிக்கொண்டு வந்தாள். “திஸ் ரோப் இஸ் லூஸ். டேஞ்சர்.”

“ஓகே மேடம்,” என்று அவன் கயிற்றை இறுக்கப் போனான்.

“ஓகேன்னு சொன்னா எப்படி? எதுத்துப் பேசுங்க. அப்பதான நாலு வார்த்த வரும்.”

ஊரில் பெண்டாட்டி எதிர்த்துப் பேசக் கூடாது என்கிற புருஷன்கள் உண்டு. எதிர்த்துப் பேசவில்லை என்று திட்டு வாங்குகிறவன் இவன் ஒருவன்தான்.

இரண்டாவது சோதனைக்குப் பேரனைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். அவனுக்குப் பால் நேரம். தடுப்புக் கயிற்றுக்கு வெளியே சூப்பர்வைசர் பக்கத்தில் எங்களை நிற்கவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டிக்காகத் தோண்டிய ஆழமான குழி. அதற்குள் ஒரு பெரிய பம்ப் இறங்க வேண்டும். மருமகள் குழியோரம் நின்றாள். கட்டைவிரல் ரேடியோவின் பொத்தானில் இருந்தது. அதை அழுத்தியிருக்கும்வரை அவள் பேசலாம். விட்டால்தான் மேலே இருக்கிறவர் குரல் வரும். சூப்பர்வைசர் கையில் இன்னொரு ரேடியோ. அதில் அவள் பேசுவது எங்களுக்கும் கேட்டது.

“லோவர்… லோவர்… லோவர்…”

பம்ப் குழிக்குள் மறைந்தது. பாதி ஆழம் போனதும் கயிற்று முறுக்கில் அது சுழலத் தொடங்கியது. குழிச் சுவரில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. சுழல்கிறது என்பதற்கு அவளிடம் சொல் இல்லை. அவள் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. சூப்பர்வைசர் உச்சுக்கொட்டினார். நான் பேரனை இறுக்கிக்கொண்டேன்.

“ஸ்டாப்.”

கத்தியால் நறுக்கியது போல வந்தது.

“வெயிட்… வெயிட்… ஐ ஆம் ஹியர்… வெயிட்…”

வராத சொல்லை அவள் தேடவே இல்லை. கையிலிருந்த சொல்லை விடாமல் சொல்லிக்கொண்டு நின்றாள். மேலே இருந்தவர் காத்திருந்தார். பம்ப் ஆடி, அசைந்து, அலுத்துப்போய் நேரானது.

“லோவர்… லோவர்… ஸ்லோ… டச். ஸ்டாப்.”

குழிக்குள் இரும்பு தரையில் உட்காரும் சத்தம் கேட்டது.

“நாளையிலேர்ந்து ரேடியோ உன்கிட்டதான்,” என்றார் சூப்பர்வைசர். நான் பேரனை இரண்டு கையாலும் உயரத் தூக்கிக் காட்டினேன். அவன் கொட்டாவி விட்டான்.

அவளோ திரும்பவே இல்லை. இரண்டு ரேடியோவும் கப்சிப்.

“மொதல்ல வெரல எடும்மா,” என்றார் சூப்பர்வைசர். “மேல இருக்கறவரு பேச வேணாமா?”

விரல் தானாக வரவில்லை. இடது கையால் அதைப் பிடித்து விலக்கினாள். உடனே உச்சியிலிருந்து குரல் வந்தது. “கிளியர், மேடம். வெரி கிளியர்.”

அவள் மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். “ரிபீட்,” என்றாள். பிறகு விரலை எடுத்துவிட்டு, ரேடியோவை இரண்டு கையாலும் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.