ஒரு ராத்திரிக்கு ஒரு விலாசம்

புதன்கிழமை மகள் போனில் அழுதாள். கல்லூரியில் சேர்ந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. ஹாஸ்டல் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, இங்கே இருக்கவே பிடிக்கவில்லை என்றாள். பிறகு, யாரோ வருகிறார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கிருஷ்ணகிரியில் ஏறினேன். அவளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்தவர் என் கணவர்தான். அவருக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள், அவரால் வர முடியாது. ஒரு ராத்திரி அவளை என்னோடு வைத்துக்கொண்டு, வயிறாரச் சாப்பிட வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கட்டிய பீஸ் போனால் போகட்டும். இதை அவரிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை.

பூந்தமல்லியில் இறங்கி ஆவடி பஸ் பிடித்தால் வழியெல்லாம் கல்லூரி. எல்லாவற்றுக்கும் வாசலில் ஒரே மாதிரி அலங்கார வளைவு, ஒரே மாதிரி நீலச்சட்டை செக்யூரிட்டி. நான் வேறொரு கல்லூரியில் இறங்கி, பார்வையாளர் நோட்டில் கையெழுத்தும் போட்டு, அப்படி ஒரு பெண் இங்கே படிக்கவில்லை என்று அவர்கள் சொன்னதும் ஒரு நிமிஷம் ஆடிப்போய்விட்டேன். அம்மா, உங்க காலேஜ் இன்னும் ரெண்டு ஸ்டாப் தள்ளி என்று செக்யூரிட்டிதான் சொல்லி அனுப்பினார்.

சரியான கல்லூரியில் வார்டன் மரியாதையாகத்தான் பேசினார். பெற்றோர் ஹாஸ்டலில் தங்க முடியாது. சாயங்காலம் விசிட்டர் ஹாலில் அரை மணி நேரம் மகளைப் பார்க்கலாம். ராத்திரிக்கு வெளியே அழைத்துப் போவதென்றால் அவுட்பாஸ் வேண்டும். அவுட்பாஸுக்குத் தங்குமிடத்தின் விலாசமும், அங்கே பொறுப்பான ஒருவரின் போன் நம்பரும் வேண்டும். இவ்வளவுதானே, ஒரு ரூம் போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

மெயின் ரோட்டு லாட்ஜில் மேனேஜர் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்தார். கூட யார் வந்திருக்கிறார்கள் என்றார். யாருமில்லை என்றேன். தனியாக வரும் பெண்களுக்கு ரூம் தருவதில்லை, ஓனர் உத்தரவு என்றார். ராத்திரி மகள் வந்துவிடுவாள் என்றதும் முகம் மலர்ந்தது. அப்படியானால் நாங்கள் ஃபேமிலி. மகளை அழைத்து வந்து அவள் ஐடி கார்டைக் காட்டினால் அந்த நிமிஷமே சாவி. எனக்கு வயது நாற்பத்தொன்பது. நான் யோக்கியமானவள் என்பதற்குப் பதினெட்டு வயதுப் பெண் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

வார்டனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். ரூம் போட்ட பிறகு கூப்பிடுங்க மேடம் என்றார். இன்னொரு லாட்ஜுக்குப் போனேன். அங்கேயும் அதே கேள்வி, வாடகை மட்டும் முதல் லாட்ஜைவிட ஒன்றரை மடங்கு. மகள் வந்தால்தான் ரூம், ரூம் கிடைத்தால்தான் மகள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதை. இதில் வேடிக்கை, நான் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிறவள். அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் இந்தச் சான்றிதழ் என்று இருபது வருஷமாக எத்தனையோ பேரை வெயிலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் சேர்ந்து சபித்திருப்பார்கள் போல.

பஸ் நிறுத்தத்து நிழலில் உட்கார்ந்தேன். பசி வேறு. எந்தப் பக்கம் போவது, யாரைக் கேட்பது என்று ஒன்றும் புரியவில்லை. அழுகை வரும்போல இருந்தது, அதனால் கோபப்பட்டுக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டினார்.

“இன்னாக்கா, காலேஜ் புள்ளயப் பாக்க வந்துகினு ரூம் கெடைக்கலியா? லாட்ஜுல தரமாட்டான். சேக்காட்டாண்ட ஒரு மெஸ்ஸு கீது, மாடில ரூம் உடறாங்கோ. அல்லாரும் அங்கதான் போவாங்கோ.”

எல்லாரும் போகிற இடம் எனக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது? நம்பிக்கையே வரவில்லை. ஆனாலும் சேக்காடு எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

அது ஒரு சாதாரண வீடு. ரூம் வாடகைக்கு என்று எங்கேயும் போர்டு இல்லை. கீழே ஹாலில் நான்கு மேஜைகள், மாணவர்களும் ஃபேக்டரி ஆட்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாள் ஆவடி ராணுவ டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் பல வருஷம் இருந்து, கணவர் ரிட்டயர் ஆனதும் இங்கே வீடு கட்டி வந்தவர் என்று பிற்பாடு தெரிந்தது. ஆதார் கேட்கவில்லை, கூட யார் என்றும் கேட்கவில்லை. பொண்ணா பையனா என்றார். பொண்ணு என்றேன். முதல் வருஷமா என்றார். ஆமாம் என்றேன்.

“போன்ல அழுதாளா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது இவருக்கு எப்படித் தெரியும்? வார்டன் போன் செய்துவிட்டாரா என்றுகூட யோசித்தேன். அவர் பதிலுக்குக் காத்திராமல் தட்டை வைத்து, முதலில் சாப்பிடுங்க என்றார். வெண்டைக்காய்க் காரக்குழம்பு, கீரைக் கூட்டு, அப்பளம். மகளுக்குச் சோறு இறங்கவில்லை என்று ஓடிவந்த நான் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். குற்ற உணர்ச்சியாகத்தான் இருந்தது, அதற்காக நிறுத்தவில்லை. மாடியில் இரண்டு கட்டில் போட்ட ரூம், லாட்ஜ் வாடகையில் கால்வாசிகூட இல்லை.

திரும்ப ஹாஸ்டலுக்குப் போய் விலாசத்தைச் சொன்னதும் வார்டன் எழுதக்கூட இல்லை. மெஸ் அக்கா வீடா, காலையிலேயே சொல்லியிருக்கலாமே மேடம் என்று அவுட்பாஸ் நோட்டை என் பக்கம் திருப்பினார். அந்தப் பக்கம் முழுக்க வேறு வேறு ஊர்க்காரர்கள், தங்குமிடம் மட்டும் வரிக்கு வரி அதே வீடு. இதை நீங்கள் காலையிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். நாங்களாக எந்த இடத்தையும் சொல்லக் கூடாது, ரூல்ஸ் என்றார். சண்டை போட வாய் வரை வந்தது. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்பதால் கையெழுத்துப் போட்டேன்.

மகள் ஐந்து மணிக்குத் தோள்பையோடு வந்தாள். இளைத்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டாளே தவிர அதிகம் பேசவில்லை. பாவம், பேசினால் அழுதுவிடுவாள் என்று நானும் விட்டுவிட்டேன். மெஸ்ஸில் தோசை வந்தது. நான்கு தோசை சாப்பிட்டாள். ஐந்தாவதைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அம்மா, நீ என்னக் கூட்டிட்டுப் போயிடுவியோன்னு பயந்துகிட்டேதான் வந்தேன்.”

அப்புறம் எதுக்குடி அழுதே என்றேன்.

“அழணும்போல இருந்துச்சு. உங்கிட்டதானம்மா அழ முடியும்? அதுக்காக இப்படிக் கெளம்பி வந்துடறதா?”

முதலில் கோபம் வந்தது. பிறகு நிம்மதி. நிம்மதிக்குப் பின்னால், இனி இவளுக்கு நான் வேண்டாமோ என்று ஒரு வலி. எதைக் காட்டுவது என்று தெரியாமல் சட்னிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். அடுப்படியிலிருந்து அந்த அம்மாள் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

“உன்னக் கூட்டிட்டுப் போய் நான் என்ன பண்ண? சாப்பிடறியான்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். வீட்டில் அவள் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தேன்.