எட்டு மணிகள் இடம் மாறின

கல்லூரியில் அந்தக் கணித விரிவுரையாளரை 'நாற்காலி டீச்சர்' என்றால்தான் தெரியும். எங்கே போனாலும் நாலு பேரை வட்ட மேசையைச் சுற்றி உட்கார வைத்து, பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்களை இடம் மாறச் சொல்வார். வீட்டிலும் விடமாட்டார். "உட்கார விடும்மா, சாப்பாடு ஆறுது," என்று மாமனார் முணுமுணுப்பார்.

எண் போட்ட நாலு நாற்காலிகளில் நாலு பேர் உட்கார இருபத்து நாலு வழி. ஒவ்வொரு வழிக்கும் ஒரு மணி. ஒரே இடமாற்றத்தில் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக முடிந்தால், நடுவே ஒரு நூல். எந்த நூலும் பிசகாமல் இந்த மணிகளை எப்படியெல்லாம் இடம் மாற்றலாம்? ஆட்களின் பெயர்களை மாற்றலாம், மேசையைச் சுழற்றலாம், கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பலாம். நாலு பேரோ அதற்கு மேலோ, இவற்றைத் தவிர வேறு வழியே கிடையாது என்று நிரூபிக்க வருடக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டார். ஐந்து முதல் நிரூபணம் கெட்டி. நாலுக்கு மட்டும் 'அதேபோல்தான்' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்.

அன்று மதியம் அதைக் கருத்தரங்க மேடையில் சொல்ல வேண்டும். காட்டுவதற்கான மணிவலையைக் கோத்தது தையல் கடை வைத்திருக்கும் அக்கா. காலையில் டீச்சர் அதை வாங்கக் கடைக்குப் போனார்.

"பூனை இழுத்துப் போட்டுருச்சுடி. நாலு நாலு மணியா ரெண்டு சதுரம் பிஞ்சு போச்சு. திரும்பக் கோத்துட்டேன்."

டீச்சர் மணிகளில் எழுதியிருந்த உட்காரும் வரிசைகளைப் படித்தார். "போச்சு! அந்தச் சதுரம் இங்க இருக்கு, இது அங்க இருக்கு. எட்டு மணியும் ஜோடி ஜோடியா இடம் மாறிக் கிடக்கு!"

"பாக்க ஒண்ணாத்தானே இருக்கு?"

"பாக்குறவங்க கணக்குக்காரங்கக்கா."

"சரி, அவுத்துடறேன். எந்த நூல் தப்புன்னு காட்டு."

டீச்சர் தேடினார். ஒவ்வொரு நூலாக விரலை ஓட்டினார். ஒன்றுகூடத் தப்பில்லை. பதினாறு மணிகள் அசையாமல் இருக்க, எட்டு மட்டும் மாறியிருந்தன. அவருக்குத் தெரிந்த வழிகளில் எதைச் செய்தாலும் பாதிக்கு மேல் நகர்ந்தாக வேண்டும். அப்படியானால் இது வேறு வழி. நிரூபணத்தில் ஓட்டை.

முகம் வெளுத்தது. பிறகு தையல் மெஷின் ஓசையை மீறி ஒரு சிரிப்பு.

"தப்புன்னு சொல்லிட்டு ஏன்டி இப்படிச் சிரிக்கிற?"

"நாலு பேருக்கு மட்டும்தான்கா தப்பு! இப்படி ஒரு அழகு உள்ள ஒளிஞ்சிருக்குன்னு தெரியாமப் போச்சே! கடையைச் சாத்து, கிளம்பு."

பேருந்தில் உரையின் முதல் பக்கத்தை அடித்துத் திருத்தினார். மேடை ஏறியதும், "நாலு பேர் விஷயத்தில் நான் எழுதியது தவறு. ஏன் என்று காட்டுகிறேன்," என்று தொடங்கி, வலையைத் தூக்கிப் பிடித்து அந்த இரண்டு சதுரங்களைத் தொட்டுக் காட்டினார். முன்வரிசைப் பேராசிரியர் ஒருவர் எழுந்து வந்து நூல்களைத் தானே எண்ணிப் பார்த்தார். எண்ணி முடித்ததும் கைதட்டினார், அரங்கம் தொற்றிக்கொண்டது.

"இதை யார் கண்டுபிடிச்சது?" என்றார் அவர்.

"பூனை," என்றார் டீச்சர்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "பிச்சதுதான் பூனை! கோத்தது நான்!"